பழைய படத்துக்கு நான் சொல்லாமல் விட்ட பதில்

போன தைக்கு முந்தின தை மாதம் நடந்தது இது. திருக்கழுக்குன்றத்திலிருந்து சதுரங்கப்பட்டினம் போகிற ரோட்டில் பஸ்ஸை விட்டு இறங்கி, ஏரிக்கரையோரமாகக் கொஞ்ச தூரம் நடந்தால் எங்கள் தெரு வரும். அங்கேதான். ஆனால் தையிலிருந்து ஆரம்பித்தால் உங்களுக்குத் தலையும் புரியாது வாலும் புரியாது. அதற்கு முந்தின ஆடியில் என் கைக்கு ஒரு போன் வந்ததே, அங்கிருந்து வருகிறேன்.

அதற்கும் முன்னால் ஒன்று. எனக்கு எழுதப் படிக்கத் தெரியாது. நான் சொல்லச் சொல்ல என் மருமகள் எழுதுகிறாள். பத்திரிகைக்குப் போகிறது என்று, நான் 'இன்னா' என்றால் இவள் 'என்ன' என்று எழுதிக்கொள்கிறாள். "எம்பேச்ச எப்டியோ எய்திக்கோ. ஆனா மத்தவங்க பேசினத பேசின மாதிரியே எய்துடி" என்று சொல்லி வைத்திருக்கிறேன். இவள் கெட்டிக்காரி. பன்னிரண்டாவது வரை படித்தவள். சாம்பாரில் மட்டும் உப்பு கொஞ்சம் தூக்கலாகப் போடுவாள். இதை எழுதமாட்டேன் என்கிறாள். எழுது, எழுது.

என் மகன் நாவலூர் கம்பெனிகளுக்கு ஆள் ஏற்றிப்போகிற வேன் ஓட்டுகிறான். புதுப் போன் வாங்கினதும் பழையதை என்னிடம் கொடுத்துவிட்டான். ஒரு மூலையில் கண்ணாடி விரிசல் விட்டிருக்கும், மற்றபடி நல்ல போன். எனக்கு அப்போது இருந்த சந்தோஷத்தைச் சொல்லி முடியாது. இந்த வயதில் எனக்கென்று ஒரு பொருள்! கோழிக்குத் தீனி போடும்போதுகூட இடுப்பில் செருகிக்கொண்டிருப்பேன்.

அதை எப்படிப் பிடிப்பது, எங்கே தொடுவது என்று எனக்குச் சொல்லிக் கொடுத்தது பின்வீட்டுப் பெண். எங்கள் வீட்டுக்குப் பின்னால், வேலிக்கு அந்தப் பக்கம் குடியிருக்கிறாள். பட்டணத்தில் பிறந்து வளர்ந்து இங்கே வாக்கப்பட்டு வந்தவள். மாமல்லபுரத்துக்குப் போகிற கடற்கரை ரோட்டில் ஒரு ரிசார்ட்டில் ரூம் துடைக்கிற வேலை. புருஷன் லாரியில் போனால் திரும்பி வர வாரக்கணக்கு ஆகும். இரண்டு பெண் பிள்ளைகள். அவளைப் பற்றிச் சொன்னால் அவள் முடியைப் பற்றிச் சொல்லாமல் இருக்க முடியாது. இடுப்பைத் தாண்டித் தொங்கும், அப்படி ஒரு முடி. ஞாயிற்றுக்கிழமை தலை குளித்துவிட்டு, "ஆயா, கொஞ்சம் சிக்கெடுத்து வுடு" என்று என் முன்னால் வந்து உட்கார்ந்துவிடுவாள். நானும் பொழுது போவது தெரியாமல் வாரிக்கொண்டிருப்பேன். எனக்குப் பெண் பிள்ளை கிடையாது.

அவள்தான் என்னை அந்த குரூப்பில் சேர்த்துவிட்டாள். வீட்டுத் தோட்டம், மாடித் தோட்டம் போடுகிறவர்கள் குரூப். செங்கல்பட்டிலிருந்து முட்டுக்காடு வரைக்கும், நாவலூர் அடுக்குமாடியில் தொட்டியில் தக்காளி வைக்கிறவர்கள் வரைக்கும் எல்லோரும் இருந்தார்கள். செடிக்கு ஏதாவது ஆனால் படம் எடுத்துப் போடுவார்கள். தெரிந்தவர்கள் பதில் சொல்வார்கள். சிலர் எழுதுவார்கள், சிலர் பேசி அனுப்புவார்கள். எனக்குப் பேசினது போதுமே!

"இந்த மைக்க அமுக்கிப் புடிச்சிகினு பேசு ஆயா. கைய எடுத்தா போயிடும். தப்பா எதுனா பேசிட்டன்னு வெச்சிக்கோ, வெரல இப்டி இடதுபக்கம் இழுத்துடு. அழிஞ்சிடும். யாருக்கும் போவாது" என்று என் கட்டைவிரலைப் பிடித்து இழுத்தே காட்டினாள்.

அப்போது எனக்கு அந்த இழுப்பு ரொம்ப வேடிக்கையாக இருந்தது. இரண்டு நாள் வெறுமனே பேசிப் பேசி அழித்துக்கொண்டிருந்தேன்.

அந்த குரூப்பில் இன்னொரு வசதி, புதிதாகச் சேர்ந்தவர்களும் மேலே தள்ளித் தள்ளிப் பழசையெல்லாம் பார்க்கலாம். நான் தள்ளினேன். தள்ளத் தள்ள வந்துகொண்டே இருந்தது. வெண்டை, கத்தரி, மல்லி, மாவுப்பூச்சி பிடித்த செம்பருத்தி. ஐயோ, எத்தனை செடி, எத்தனை கஷ்டம்! ரூபாய் நோட்டில் இருக்கிற எண் எனக்குத் தெரியும், பஸ் நம்பர் தெரியும். ஆனால் அந்தப் படங்களுக்கு நடுவே குட்டியாக இங்கிலீஷில் தேதி ஓடுகிறது என்பதும், அது எந்த மாதம், எந்த வருஷம் என்று சொல்கிறது என்பதும் எனக்கு யார் சொன்னார்கள்? என் கண்ணுக்கு எல்லாப் படமும் அன்றைக்குக் காலையில் எடுத்தது மாதிரிதான் இருந்தது. இலை பச்சையாகத்தானே இருக்கிறது!

ஒரு முருங்கை மரத்தைப் போட்டிருந்தார் ஒருவர். அடிமரம் முழுக்கக் கம்பளிப்பூச்சி. "பசங்க கிட்ட போவ முடில. எதுனா வழி சொல்லுங்க" என்று பேசியும் இருந்தார். எனக்கு மனசு கேட்கவில்லை. மைக்கை அழுத்தினேன். விடிகாலையில் பூச்சியெல்லாம் இறங்கி அடிமரத்தில் அடையாக அப்பிக்கொண்டிருக்கும், அப்போது துணிப்பந்தம் கொளுத்திக் காட்ட வேண்டும், பிள்ளைகளைத் தூர நிறுத்த வேண்டும், மேலே பட்டால் சொறியாமல் எண்ணெய் தடவ வேண்டும், எங்கள் மாமியார் வீட்டில் ஒரு முருங்கை இருந்தது, அதில் ஒரு வருஷம் என்ன ஆயிற்று என்றால்... நாலு நிமிஷம் பேசினேன். மூச்சு வாங்கியது. அனுப்பிவிட்டுத் தண்ணீர் குடித்தேன்.

அதே ருசியில் அடுத்தது, அதற்கடுத்தது. ஒரே மத்தியானத்தில் பத்துப் பன்னிரண்டு பேருக்கு வைத்தியம் சொல்லிவிட்டேன். எத்தனை பேருக்கு உதவி செய்திருக்கிறோம் என்று சாயங்காலம் கோழிகளை அடைக்கும்போது நானாகச் சிரித்துக்கொண்டேன்.

அப்புறம்தான் போன் அடிக்க ஆரம்பித்தது. முதலில் அந்த முருங்கை மரக்காரர் குரூப்பில் பேசி அனுப்பியிருந்தார்.

"ஆயா, அந்த மரம் புயல்லியே வுயுந்துட்சி. வெட்டி அடுப்பெரிச்சே மூணு வருஷம் ஆவுது. இப்ப வந்து கம்பளிப்பூச்சிக்கி பந்தம் கொளுத்தச் சொல்றியே, எத்த கொளுத்தறது? அடுப்பையா?"

பின்னாலேயே நாலைந்து பேர் சிரிக்கிற குரல். ஒருவர் ஒரு படம் போட்டார், அது ஆடியது. குழியிலிருந்து ஒரு எலும்புக்கூடு எழுந்து வந்து கை ஆட்டுகிறது. எனக்கு அது ரொம்பப் பிடித்துப்போயிற்று.

"இங்க பார்ரி, சோளக்கொல்ல பொம்ம! கைய இன்னாமா ஆட்டுது! காக்கா ஓட்ட நல்லா கீது" என்று மருமகளைக் கூப்பிட்டுக் காட்டினேன்.

இவள் முகம் ஒரு மாதிரி ஆகிவிட்டது. "அத்தே, அது கொல்ல பொம்ம இல்ல. பழைய பேச்ச கெளறினா பொதச்ச பொணத்த தோண்டி எடுக்கறா மாதிரியாம். ஒங்களத்தான் கிண்டல் பண்ணிகினு கீறாங்க."

கடைசியாக அட்மின். அவர் நாவலூரில் ஏதோ ஆபீஸ்காரர். அதட்டவெல்லாம் இல்லை, மரியாதையாகத்தான் பேசினார். "பாட்டிம்மா, உங்க ஆர்வம் புரியுது. ஆனா பழைய பதிவுக்கெல்லாம் பதில் போட்டு மேல கொண்டு வராதீங்க. ஒவ்வொரு வாட்டியும் எல்லாருக்கும் போன் அடிக்குது. மீட்டிங்ல இருப்போம், வண்டி ஓட்டிட்டு இருப்போம். இது குரூப்போட ரூல். புதுசா யாராச்சும் கேட்டா மட்டும் சொல்லுங்க, ப்ளீஸ்."

அவர் சொன்னதில் நியாயம் இருந்தது. கல்யாண வீட்டில் பந்தி நடக்கும்போது, பத்து வருஷத்துக்கு முந்தின சண்டையை ஒருத்தி எடுத்தால் நானே அவள் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு போய் வெளியே விடுவேன். பேசி முடிந்ததைப் பேசி முடிந்ததாக விட வேண்டும். புரிந்தது. ஆனால் புரிந்த இடத்திலேயே அந்த எலும்புக்கூடு ஒரு முள்ளையும் குத்திவிட்டுப் போயிற்று. நான் படிக்காதவள் என்பது ஊருக்கே தெரியும். அதற்காக நான் ஒருநாளும் வெட்கப்பட்டதில்லை. அன்றைக்கு முதல் தடவையாகப் போனைத் திருப்பிக் கவிழ்த்து வைத்தேன்.

பின்வீட்டுப் பெண் வேலிக்கு அந்தப் பக்கமிருந்து, "வுடு ஆயா, அதுங்களுக்கு இன்னா தெரியும்! நீ பேசினது சூப்பரா இருந்திச்சி. நான் ரெண்டு வாட்டி கேட்டேன்" என்றாள். அவளுக்கு அப்படி ஒரு குணம்.

அதற்கப்புறம் நான் குரூப்பில் பேசவே இல்லை. புதிதாகக் கேட்டவர்களுக்கும் பேசவில்லை. பார்ப்பது மட்டும் நிற்கவில்லை. அதுவும் மேலே, மேலே, பழசுக்கு. திருட்டுத்தனமாகப் பார்க்கிற மாதிரி ஒரு சுகம்.

மார்கழியில் ஒருநாள், வெயில் காய்ந்துகொண்டு அப்படித்தான் தள்ளிக்கொண்டிருந்தேன். ஒரு கிழங்குப் படம் வந்தது. வேலியோரம் தோண்டி எடுத்தது போல மண்ணோடு கிடக்கிறது. வெளிர் பழுப்பு நிறம், கலப்பை மாதிரி இரண்டாகக் கிளைத்திருக்கிறது. போட்ட பெண், படத்துக்குக் கீழே ஏதோ எழுதிவிட்டு, வாயாலும் "இது இன்னா கிழங்கு? சாப்பிடலாமா?" என்று கேட்டிருக்கிறாள். அதற்கு ஒருவர், வாத்தியார் பாடம் எடுக்கிற குரலில் சொல்லியிருந்தார்: "இது காட்டு வள்ளிக்கிழங்குதான். தாராளமா சாப்பிடலாம். மிளகு, பூண்டு தட்டிப்போட்டு அவிச்சுச் சாப்பிட்டா மூட்டுவலிக்கு அவ்ளோ நல்லது."

எனக்கு உடம்பு சில்லென்று ஆயிற்று.

அது வள்ளிக்கிழங்கு இல்லை. கார்த்திகை மாதத்தில் வேலியில் நெருப்பு மாதிரி சிவப்பும் மஞ்சளுமாக ஒரு பூ பூக்குமே, அதன் கிழங்கு. கண்வலிக் கிழங்கு என்போம். தை பிறந்தால் கொடி காய்ந்து மறைந்துவிடும், கிழங்கு மட்டும் மண்ணுக்குள் இருக்கும். பூ இல்லாதபோது பார்க்கிறவர்களுக்கு என்ன தெரியும்? என் அப்பா வேலியோரம் வெட்டும்போது அது கையில் பட்டுவிட்டால், சாம்பல் போட்டு மூன்று தரம் கழுவாமல் சோற்றில் கை வைக்க விடமாட்டார். அதைக் கிளறித் தின்ற பன்றி செத்து ஏரிக்கரையில் கிடந்ததை நான் என் கண்ணால் பார்த்திருக்கிறேன். அத்தனை விஷம்.

மைக்கை அழுத்தினேன். "இத்த துன்னாதீங்க, வெ..." என்று ஆரம்பித்தேன். அந்த எலும்புக்கூடு கண் முன்னால் வந்து கை ஆட்டியது. பேச்சு நின்றுவிட்டது.

அழுத்தின விரலை எடுக்காமலே மருமகளிடம் கேட்டேன். "இது எப்ப போட்டதுடி?"

இவள் மாவு சலித்துக்கொண்டிருந்தாள். எட்டிப் பார்த்துவிட்டு, "அது ஆச்சி அத்தே, நாலு வருஷம். வுடுங்க, மறுபடியும் வாங்கிக் கட்டிக்காதீங்க. இத்த போட்டவங்க நல்லாத்தான் கீறாங்க. நேத்துகூட ரோஜாப்பூ போட்டாங்க" என்றாள்.

அதுவும் சரிதான் என்று தோன்றியது. கேட்டவள் உயிரோடு இருக்கிறாள். தின்றிருக்கமாட்டாள். முடிந்துபோன பேச்சு.

இங்கே நான் பொய் சொல்லக்கூடாது. அது மட்டும் காரணம் இல்லை. எனக்குள் ஒன்று கசந்துகொண்டே இருந்தது. 'எல்லாம் தெரிஞ்சவங்கதானே நீங்க. படிச்சவங்கதானே. பாத்துக்கங்க' என்று அது சொன்னது. சொல்லும்போது கொஞ்சம் இனிப்பாகவும் இருந்தது. விரலை இடது பக்கம் இழுத்தேன். அழிந்துபோயிற்று. யாருக்கும் போகவில்லை.

எழுதுகிறவள் பேனாவை வைத்துவிட்டாள். "நான்தான அத்தே வுடச் சொன்னேன்" என்கிறாள். நீ மாவைப் பார்த்துக்கொண்டு சொன்னாய். கிழங்கைப் பார்த்தவள் நான். எழுது.

பொங்கல் முடிந்து ஒரு வாரம் இருக்கும். மணி நாலு, நாலரை. பின்வீட்டுப் பெண்ணின் மூத்த மகள் பள்ளிக்கூடப் பையோடு ஓடி வந்தாள். "ஆயா, அம்மா வாந்தி எடுத்துகினே கீது. எழுந்துக்க முடில" என்று அழுதாள்.

போய்ப் பார்த்தால், தண்ணீர்த் தொட்டியைப் பிடித்துக்கொண்டு சுருண்டு கிடக்கிறாள். உதடு வறண்டு வெள்ளையாக இருந்தது. வாந்தியும் பேதியுமாக மத்தியானத்திலிருந்து நிற்கவில்லையாம்.

"இன்னாடி துன்ன?" என்றேன்.

"கெயங்கு ஆயா... ஏரிப்பக்கம் வேலிய சுத்தம் பண்ணேன்... முட்டிவலிக்கி நல்லதுன்னு..."

பாத்திரம் கழுவுகிற இடத்தில் தோல் கிடந்தது. அவிக்காமல் மிச்சம் வைத்த துண்டு ஒன்றும் கிடந்தது. குனிந்து எடுத்தேன். இரண்டாகக் கிளைத்த கிழங்கு. போனில் பார்த்தபோது சில்லென்று ஆயிற்றே, அது ஒன்றுமே இல்லை.

"புள்ளைங்க துன்னிச்சா?"

"இல்ல... நான் மொதல்ல துன்னு பாக்கலாம்னு... அதுங்க ஸ்கூலுக்குப் பூட்ச்சி..."

அந்த ஒரு புத்திதான் அந்தக் குழந்தைகளைக் காப்பாற்றியது. தோலையும் துண்டையும் ஒரு கவரில் போட்டு முடிந்துகொண்டேன். மருமகள் ஆட்டோ பிடித்தாள். திருக்கழுக்குன்றம் வழியாகச் செங்கல்பட்டு பெரியாஸ்பத்திரி. வழியெல்லாம் அவள் தலை என் மடியில் இருந்தது. அந்த முடி ஆட்டோவின் தரையில் புரண்டது. அதைச் சுருட்டிச் சுருட்டி மடியில் வைத்துக்கொண்டே போனேன்.

டாக்டரம்மா கவரைப் பிரித்துப் பார்த்தார். நான் பெயரைச் சொன்னேன். அவர் நர்ஸிடம் இங்கிலீஷில் மளமளவென்று ஏதோ சொன்னார். அப்புறம் என் பக்கம் திரும்பி, "இதைக் கையோட எடுத்துட்டு வந்தீங்களே, ரொம்ப நல்ல காரியம் பண்ணீங்கம்மா. என்னன்னே தெரியாம நாங்க தேடிட்டு இருந்திருப்போம்" என்றார்.

பத்து நாளுக்கு மேல் ஆஸ்பத்திரியில் கிடந்தாள். நடுவில் இரண்டு நாள் யாரும் எங்களுக்கு உறுதியாக எதுவும் சொல்லவில்லை. அவள் புருஷன் பாதி வழியில் லாரியை விட்டுவிட்டு வந்து வராந்தாவில் உட்கார்ந்திருந்தான். பிள்ளைகள் எங்கள் வீட்டில் இருந்தார்கள். சின்னவள், "ஆயா, எங்கம்மாக்கு கெயங்குன்னா ரொம்பப் புடிக்குமா?" என்று கேட்டாள். அவளுக்கு ஐந்து வயது.

ஊரில் என்னைப் புகழ்ந்தார்கள். ரேஷன் கடைக்குப் போனால், "ஆயா மட்டும் இல்லன்னா அந்தப் பொண்ணு அவ்ளோதான்" என்றார்கள். எதை நம்பித் தின்றாள் என்கிற விஷயம் அவள் புருஷன் மூலமாக குரூப்புக்கும் போயிற்று. அட்மின் அந்தப் பழைய படத்தையும் அந்த வாத்தியார் குரலையும் எடுத்துவிட்டார். "நம்ம பாட்டிம்மாவோட அனுபவ அறிவுக்கு ஒரு சல்யூட்" என்று பேசி அனுப்பினார். அன்றைக்கு எலும்புக்கூடு போட்ட அதே ஆள் கைதட்டுகிற படம் போட்டார். எல்லோரும் கைதட்டினார்கள். போன் அடித்துக்கொண்டே இருந்தது. நான் அதை அரிசிப் பானைக்குள் வைத்து மூடினேன்.

அவள் வீட்டுக்கு வந்து நாலாம் நாளோ ஐந்தாம் நாளோ, ஒரு ஞாயிற்றுக்கிழமை. மெலிந்துபோய், சுவரைப் பிடித்துக்கொண்டு வந்து என் முன்னால் உட்கார்ந்தாள். "ஆஸ்பத்திரில சடையா பூட்ச்சி ஆயா. கொஞ்சம் சிக்கெடுத்து வுடேன்."

சீப்பை வைத்து இழுத்தேன். முடி சீப்போடு வந்தது. ஒன்றிரண்டு இல்லை, கொத்து. சீப்பைக் கீழே வைத்துவிட்டுக் கையால் கோதினேன். கையோடு வந்தது. இழுக்கவே வேண்டாம், தொட்டால் போதும். அவள் திரும்பிப் பார்த்தாள். என் மடி முழுக்க அவள் முடி. அந்த விஷம் இப்படித்தான் செய்யுமாம், கொஞ்ச நாள் கழித்து முடியைக் கொட்ட வைக்குமாம், அப்புறம் வளர்ந்துவிடுமாம். டாக்டரம்மா சொல்லித்தான் அனுப்பியிருக்கிறார். அவள்தான் நம்பவில்லை, அவ்வளவுதான்.

அவள் அழவில்லை. மடியிலிருந்த முடியையே பார்த்துக்கொண்டு மெதுவாகச் சொன்னாள். "குரூப்ல கெயங்குன்னு போட்டுத் தேடினேன் ஆயா. அப்டியே எங்க வேலில எடுத்தது மாரியே படம் வந்திச்சி. எவ்ளோ பேரு கீறாங்க அதுல. நாலு வருஷமா அத்தினி பேரும் பாத்துகினு கீறாங்க, ஒருத்தர்கூட வேணான்னு சொல்லல. அதான் நம்பித் துன்னேன்."

நான் முடியை உருட்டி உருட்டிப் பந்தாக்கினேன்.

இரண்டு வாரத்தில் தலை வழித்த மாதிரி ஆகிவிட்டது. துப்பட்டாவைச் சுற்றிக்கொண்டு ரிசார்ட்டுக்குப் போனாள். வருகிற வெளியூர்க்காரர்கள் பயப்படுவார்கள், முடி வளர்ந்ததும் வா என்று திருப்பி அனுப்பிவிட்டார்கள். சின்னவள் அவளிடம் தூங்கப் போகாமல் எங்கள் வீட்டுக்கு வந்தாள். "அது எங்கம்மா இல்ல" என்றாள்.

பங்குனி வரை பொறுத்தேன். ஒவ்வொரு தடவையும் அவள், "நீ இல்லன்னா நான் செத்திருப்பேன் ஆயா" என்பாள். ஒவ்வொரு தடவையும் எனக்குச் சோறு இறங்காது. ஒருநாள் வேலியோரம் துணி காயப்போட்டுக்கொண்டிருந்தாள். போய்ச் சொல்லிவிட்டேன். மார்கழியில் அந்தப் படத்தைப் பார்த்தேன், விஷம் என்று தெரியும், சொல்ல வாயெடுத்தேன், சொல்லாமல் விரலை இழுத்துவிட்டேன். எல்லாவற்றையும் சொன்னேன். எலும்புக்கூட்டையும் சொன்னேன், கோபத்தையும் சொன்னேன்.

கத்துவாள் என்று நினைத்தேன். கையில் இருந்த ஈரத்துணியை உதறி, கொடியில் போட்டு, கிளிப் மாட்டினாள். அப்புறம்தான் திரும்பினாள்.

"கம்பளிப்பூச்சிக்கி நாலு நிமிசம் பேசுனியே ஆயா. எனக்கு ரெண்டு வார்த்த பேச வாய் வர்லியா?"

அவ்வளவுதான். உள்ளே போய்விட்டாள்.

அவளுக்காகத்தான் பேச வேண்டியிருந்தது என்று எனக்கு எப்படித் தெரியும் என்று நீங்கள் கேட்கலாம். நானும் அதைத்தான் எனக்குள் ஆயிரம் தடவை கேட்டுக்கொண்டேன். யாருக்காக என்று தெரியாமல்தானே பேச வேண்டும். தெரு நடுவில் கண்ணாடித் துண்டு கிடந்தால், யார் காலில் குத்தப்போகிறது என்று கேட்டுவிட்டா எடுத்துப் போடுகிறோம்? நாலு வருஷத்துக்கு முந்தின படம் என்பது அதைப் போட்டவளுக்குத்தான் பழசு. தேடிப் போய்ப் பார்த்தவளுக்கு அது அன்றைக்குக் காலையில் போட்டது. படிக்கத் தெரியாத என் கண்ணுக்கு ஆடியில் எல்லாப் படமும் புதிதாகத் தெரிந்ததே, அந்தக் கண்தான் சரியான கண். மார்கழியில் தேதியைக் கேட்டுத் தெரிந்துகொண்டு கெட்டுப்போனேன்.

இப்போது குரூப்பில் மேலே போய்ப் பார்க்கிறேன். தப்பாக ஏதாவது சொல்லியிருந்தால், எத்தனை வருஷத்துப் பதிவாக இருந்தாலும் பேசிவிடுகிறேன். அட்மின் மறுபடியும் சலித்துக்கொள்ள ஆரம்பித்திருக்கிறார். சல்யூட் எல்லாம் ஒரு மாதம்தான். போன வாரம் எலும்புக்கூடு திரும்ப வந்து கை ஆட்டியது. ஆட்டட்டும்.

பின்வீட்டுப் பெண்ணுக்கு முடி வளர்ந்துவிட்டது. தோளைத் தொடுகிறது. பழைய வேலைக்கே போகிறாள். எங்கள் வீட்டில் விசேஷம் என்றால் பிள்ளைகளை அனுப்புகிறாள், மருமகளோடு பேசுகிறாள், என்னைப் பார்த்தால் தலையை அசைக்கிறாள். 'ஆயா' என்று கூப்பிட்டு இரண்டு வருஷமாகப் போகிறது. ஞாயிற்றுக்கிழமை தலை குளித்துவிட்டு வேலிக்கு அந்தப் பக்கம் அவளாகவே உட்கார்ந்து சிக்கெடுத்துக்கொள்கிறாள். சீப்பு இழுபடுகிற சத்தம் இந்தப் பக்கம் கேட்கும். கேட்கும்போதெல்லாம், அன்றைக்கு இடது பக்கம் இழுத்த என் கட்டைவிரல் தானாக உள்ளங்கைக்குள் மடங்கிக்கொள்கிறது. அழித்துவிட்டால் யாருக்கும் போகாது என்று அவள் சொல்லிக் கொடுத்தாள், அழித்தது அவளுக்கே போய்ச் சேர்ந்தது.